வாசற்படியில் நகைக்கத்தக்கவர் யார்?

மேடை நாடகத்திலும், பத்திரிகைத் துணுக்கிலும், திரைப்படத்திலும், தொடங்கிய மாத்திரத்தில் சபையைச் சிரிக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டெனில், அஃது ஓட்டுக் கேட்கப் போகிறவன் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசும் காட்சியேயாகும். அவன் ஒன்று சொல்வான். வீட்டிலிருப்பவர் வேறொன்றாகக் கொள்வர். அவன் விளக்க முயல்வான். விளக்கம் மேலும் ஒரு குழப்பத்தை ஈன்றெடுக்கும். எத்தனை முறை வந்தாலும் இக்காட்சி நம்மவர்க்கு அலுப்பதில்லை. ஆயினும், இதில் சிரிக்கப்படுபவர் யார், அவர் மெய்யாகவே சிரிக்கத்தக்கவர்தாமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வது அரிது. அந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. நான் ஒரு தோட்டத்துக் கிராணி. ஜூரோங்கில் குடியிருக்கிறேன். ஜூரோங்கில் தோட்டமேது என்று வாசகர்கள் வியக்க வேண்டா. ஒரு காலத்தில் இங்கே சதுப்பு நிலமும், இறால் குட்டைகளும், ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. 1961இல் தொடங்கிய தொழிற்பேட்டை வேலை அவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது. ஆதலின் என் பிழைப்பு துவாஸ் பாலத்துக்கு அப்பால், ஜொகூரில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் காரியாலயத்தில் நடக்கிறது. படித்ததெல்லாம் ஆங்கிலப் பள்ளியில். தமிழை வீட்டிலும் பத்திரிகையிலுமாகத் தேடிக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துப் பொங்கல் விழாவுக்கு ஒரு சிறு நகைச்சுவை நாடகம் வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபொழுது, ஓட்டு வேட்டைக் காட்சியொன்றை எழுதி, அதில் ஓட்டுக் கேட்கும் கிராணியாக நானே நடித்தேன்.

அந்நாடகத்தின் சாரம் இது. பழைய காலத்து லயம் ஒன்றின் வாசலில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறாள். கழுத்துப்பட்டி கட்டிய கிராணி கையில் காகிதக் கட்டுடன் வருகிறான். தமிழில் ‘ஓட்டு’ என்று சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று எண்ணியோ என்னவோ, மலாய்மொழியிற் பேசத் தொடங்குகிறான். மலாயில் ஓட்டுக்கு ‘ஊண்டி’ என்று பெயர்.

“ஆயா, மறக்காமல் எங்கள் ஆளுக்கு ஊண்டி போட வேண்டும்!”

“உண்டியா? உலை இன்னும் வைக்கவில்லையே, தம்பி! பசியோடு வந்தீர்களா? இப்படி உட்காருங்கள்.”

“அதில்லை ஆயா! எங்கள் சாலோன் நல்ல சாலோன்!” (அபேட்சகரை மலாயில் ‘சாலோன்’ என்பர்.)

“சலூனா? இருக்கிற நாலு மயிரையும் வெட்டிக்கொள்ளவா சொல்கிறீர்கள்?”

பிறகு கிராணி, பட்டியலில் எழுதப் புருஷன் பெயரைக் கேட்கிறான். மூதாட்டி நாணி, மலையிருக்கும் திசையைக் காட்டி, கையை உயர்த்தி ஈட்டி எறிவதுபோல் பாவனை செய்கிறாள். கிராணி ‘மலை ஈட்டி’ என்று எழுதிக்கொள்கிறான். கடைசியில், ஓட்டுப் பெட்டிக்கு மலாயில் ‘பெத்தி ஊண்டி’ என்று பெயர் என அவன் சொல்ல, தேர்தல் நாளன்று மூதாட்டி மஞ்சள் துணியில் ஒரு வெள்ளியை முடிந்துகொண்டு வந்து பெட்டியிற் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். திரை விழுகிறது. சபை ஐந்து நிமிடம் சிரித்தது. நானும் என்னை ஒரு பெரிய நகைச்சுவை ஆசிரியன் என்று எண்ணிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினேன்.

இறங்கியவுடன் முன்வரிசையிலிருந்த ஒரு வயோதிக மாது என்னை அழைத்தார். அவர் இளமையில் பால்மரம் வெட்டியவர் என்பது பின்னர்த் தெரிந்தது. சினந்து பேசவில்லை, சாந்தமாகவே கேட்டார்:

“தம்பி, நல்லா நடிச்சீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கிழவி தமிழ்ல பேசினா. பசியா வந்தவனுக்குச் சோறு போடறேன்னா. புருஷன் பேரைச் சரியாத்தான் சொன்னா. அந்தக் கிராணிக்குத்தான் எதுவும் விளங்கலை. அப்புறம் ஏன் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிச்சாங்க?”

எனக்கு விடை வரவில்லை. வீட்டுக்குப் போய் என் நாடகத்தை மீண்டும் படித்தபொழுது அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையென்று கண்டேன்.

முதலாவது, ‘பெத்தி ஊண்டி’யை எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர் ‘பெத்தி’ என்பது நம் ‘பெட்டி’யேயாகும், தமிழிலிருந்து அம்மொழிக்குச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. ஆகவே மூதாட்டி அச்சொல்லைச் சரியாகவே கேட்டாள். அதனோடு சேர்ந்து வந்த ‘ஊண்டி’யைத் தனக்குத் தெரிந்த உண்டியலோடு பொருத்தினாள். உண்டிப்பெட்டியில் காசு போடாமல் வேறெதைப் போடுவது? மொழிநூற் புலவர் ஒருவர் ஏட்டைப் புரட்டிச் செய்யும் ஆராய்ச்சியை அவள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே செய்தாள். முடிவு தவறினதென்றால், தவறு அவளுக்குத் தெரியாத மொழியில் பேசியவனுடையது. இரண்டாவது, புருஷன் பெயர். குன்றையும் வேலையும் காட்டினால் ‘வேலாயுதம்’ என்று ஊகிக்கத் தமிழ்ப் பிள்ளை எவனுக்கும் ஒரு நொடி போதும். மனைவி புருஷன் பெயரைச் சொல்லலாகாது என்ற வழக்கம் ஒழியவேண்டிய மூடவழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழக்கத்துக்குள் கட்டுண்டு கிடந்தும் சரியான விடையைக் கொடுத்துவிட்டாள்; படித்தவனுக்கோ அதைப் படிக்கத் தெரியவில்லை. அப்படியிருக்க, சபை அவளைக் கண்டு சிரித்ததேன்? அவள் கந்தல் உடுத்தியிருந்தாள். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். காரணம் அதுவேயன்றி வேறில்லை.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒருவர் பேச்சு மற்றொருவர்க்கு விளங்காமற் போவதற்கு இருவர் வேண்டும். அவ்விருவருள், விளங்கும்படி பேசவேண்டிய கடமை கேட்க வந்தவனுக்கே உரியது. கடன் கேட்க வந்தவன் கடன் கொடுப்பவனுடைய பாஷையிற் பேசுவதுதான் உலக வழக்கம், ஓட்டும் அத்தகையதே. ஆதலின் வாசற்படிக் குழப்பத்தில் நகைக்கத்தக்கவன் பெரும்பாலும் படிக்கு வெளியே நிற்பவன், உள்ளே இருப்பவரல்லர். இவ்விதியைக் கொண்டு நம் நாட்டுச் சரித்திரத்தையும், பின்னர் நம் நகைச்சுவை நூல்கள் சிலவற்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தல் நடந்தது 1948ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் தேதி. அதற்கு முந்திய ஆண்டின் ஜனக்கணக்குப்படி இத்தீவில் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் வசித்தனர். ஓட்டர் பட்டியலில் இருந்தவர்களோ சுமார் 22 ஆயிரம் பேர்தாம். பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மாத்திரமே உரிமை. அவர்களும் தாமே வலியச் சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் சபையிற் பேசுவதோ ஆங்கிலத்தில். இந்நிலையில் காகிதமும் பேனாவுமாக ஒருவன் லயத்து வாசலில் வந்து நின்று, “உன் பெயரென்ன? எங்கே பிறந்தாய்? எத்தனை வருஷமாக இங்கிருக்கிறாய்?” என்று கேட்டால், தொழிலாளி என்ன நினைப்பான்? ஜப்பானியர் ஆட்சி முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவ்வாட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பாமலே மடிந்தனர். அந்நினைவுடையவன், பெயரெழுத வந்தவனைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டால், அதை அறியாமை என்று சொல்பவனன்றோ அறிவிலி! நம் நாடகக்காரர்கள் அக்கதவைக் காட்டிச் சிரிக்கவைப்பார்கள். அக்கதவுக்குப் பின்னாலுள்ள கதையை எழுத மாட்டார்கள்.

நிற்க. 1951ஆம் ஆண்டுத் தேர்தலிலும் பட்டியலில் இருந்தோர் சுமார் 48 ஆயிரம் பேரே. 1955இல் பெயர்களைச் சர்க்காரே தாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தவுடன் அத்தொகை 3 லட்சமாயிற்று. 1959இல் ஓட்டுப் போடுவது கட்டாயமாக்கப்பட்டது. அப்பொழுது 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டியலில் இருந்தனர். ஜூரோங்கும் ஒரு தொகுதியாயிற்று. இப்புள்ளிகளை இங்கே எடுத்துக்காட்டுவதற்குக் காரணமுண்டு. ‘பாமரனுக்கு ஓட்டில் அக்கறையில்லை’ என்ற பேச்சுக்கு இவையே பதில். வாசல் குறுகியிருந்தவரை உள்ளே நுழைந்தவர் சிலர், அகன்றவுடன் பலர். குற்றம் வாசலுடையது, வெளியே நின்ற மக்களுடையதன்று.

அபேட்சகரே நகைப்புக்கு இலக்கான நிகழ்ச்சியொன்று இந்நகரின் தேர்தற் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹொங் லிம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பிரதம மந்திரி லீ குவான் இயூ தம் கட்சிக்கு ஓட்டுக் கேட்கச் சென்றார். அத்தொகுதி மக்கள் பேசுவது ஹொக்கியன். அவரோ ஆங்கிலத்திற் கற்றுத் தேர்ந்த வழக்கறிஞர். ஹொக்கியனை அத்தேர்தலுக்காகவே அவசரமாகப் பயின்றார். அவர் முதன்முதல் அம்மொழியிற் பேசியபொழுது, அவருடைய பிழைகளைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள் என்றும், சிரிக்க வேண்டா, எனக்கு உதவி செய்யுங்கள் என்று தாம் அவர்களைக் கேட்டுக்கொண்டதாகவும் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே எழுதினார். அத்தேர்தலில் அவருடைய கட்சி படுதோல்வியடைந்தது. ஆயினும் அவர் அம்மொழியை விடாமற் பயின்றார். அரசியலில் அவரோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் இருக்கலாம். அஃது இங்கே விஷயமன்று. நகைச்சுவைக் கலையின் நோக்கிற் பார்த்தால், நாட்டின் பிரதம மந்திரி மேடைமேல் தடுமாறுகிறார். தெருப் பிள்ளைகள் கீழே நின்று சிரிக்கிறார்கள். சிரிப்பு கீழிருந்து மேலே செல்கிறது. சிரிக்கப்பட்டவர் கற்றுக்கொள்கிறார். நகைப்பினால் ஒரு நன்மை விளையவேண்டுமானால் இவ்வாறன்றோ விளையவேண்டும்!

இனி, இந்தியாவைப் பார்ப்போம். 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஓட்டர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு சின்னமும், அச்சின்னம் ஒட்டிய தனிப்பெட்டியும் வைத்தார்கள். இலங்கையில் 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் சின்னத்துக்குப் பதிலாக நிறத்தைக் கொண்டு பெட்டிகளை வேறுபடுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனைக் கேலி செய்யாமல், அவனுக்கு விளங்கும் பாஷையைச் சர்க்கார் தேடிக் கண்ட உபாயங்கள் இவை.

ஆனால் அதே இந்தியத் தேர்தலில் மற்றொரு குழப்பமும் நேர்ந்தது. வடநாட்டு மாகாணங்கள் சிலவற்றில் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே பதிவாயினர். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், பெயரில்லாத பதிவு செல்லாது என்று விதித்தார். ஓட்டர்களுக்கு அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்லியும், சுமார் 28 லட்சம் பெண்கள் தம் பெயரைத் தராமையால் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். ‘மலை ஈட்டி’யைக் கேட்டுச் சிரித்த நம் சபையார் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். என் மேடையில் ஐந்து நிமிடச் சிரிப்பாக இருந்த பொருள், மெய்வாழ்வில் 28 லட்சம் பேருடைய உரிமையை வாங்கிற்று. ஒரு பெண்ணுக்குத் தன் பெயரை வெளியே சொல்ல நாணம் உண்டாகும்படி செய்தது யார்? அவளைப் பெயரால் அழையாமலே காலமெல்லாம் வேலை வாங்கிய ஆண்களன்றோ? நகைச்சுவை ஆசிரியன் தன் அம்பை எய்ய வேண்டுமானால் இலக்கு அங்கேயிருக்கிறது.

இனி நூல்களுக்கு வருவோம். என்னைப் போன்று ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்கள் தேர்தல் நகைச்சுவை என்றவுடன் நினைப்பது, டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் கதையில் வரும் ஈட்டன்ஸ்வில் தேர்தலைத்தான். அங்கே ஒரு கட்சி ஓட்டர்களைக் குடிக்கவைத்து வண்டிக்கொட்டகையில் அடைத்துவைக்கிறது. மற்றொரு கட்சி அவர்கள் மனைவிமாருக்குப் பச்சைக் குடைகளை வழங்குகிறது. அபேட்சகர் கைகுலுக்குவதற்கென்று கழுவித் துடைத்த ஆட்கள் இருபது பேரும், கொஞ்சுவதற்கென்று குழந்தைகள் ஆறும் தயாராக நிறுத்தப்படுகின்றன. டிக்கன்ஸின் சிரிப்பு பணக்காரர்மேலும் அவர்தம் ஏஜெண்டுகள்மேலும் பாய்கிறது. அவ்வகையில் அது நேர்மையான சிரிப்பு. அவருக்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் முன்னதாக ஹோகார்த் என்னும் ஓவியர் தீட்டிய தேர்தற் படங்கள் நான்கனுள் ஒன்றும் ஓட்டுக் கேட்கும் காட்சியே: இரு கட்சியாரும் ஒரு குடியானவன் கையிற் காசை வைக்கிறார்கள், அவன் இருவரிடமும் வாங்கிக்கொள்கிறான். எனினும் இவ்விருவரிடத்தும் ஒரு குறையுண்டு. ஓட்டர் குடிக்கிறார், வாங்குகிறார், அடைபட்டுக் கிடக்கிறார். வாய் திறந்து தம் வாசலிலிருந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேலிக்கு ஆளாகாவிட்டாலும் ஆளாகவே மதிக்கப்படவில்லை.

தமிழில் பெரும்புகழ் பெற்றது சோ எழுதிய ‘முகமது பின் துக்ளக்’. 1968இல் நாடகமாகவும், 1971இல் திரைப்படமாகவும் வந்தது. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் போலித் துக்ளக் தேர்தலில் வென்று பிரதமனாகிறான். தன்னை ஆதரித்தவர்களையெல்லாம் துணைப் பிரதமர்களாக்குகிறான். பதவியாசை பிடித்தவர்களை இவ்வளவு கூர்மையாகக் கிழித்த நாடகம் நம்மிடையே அதிகமில்லை. ஆனால் அதன் கட்டிடம் நிற்பது எதன்மேல்? எதைச் சொன்னாலும் மக்கள் நம்பிவிடுவார்கள் என்ற கருத்தின்மேல். கூட்டம் கைதட்டுகிறது, கைதட்டும் கூட்டத்தில் ஒருவனுக்காவது முகமோ, பெயரோ, தன் வீட்டுக் கவலையோ இல்லை. அரசியல்வாதியைச் சாடிய கை, போகிற போக்கில் குடிமகனையும் ஓர் அறை அறைந்துவிட்டே போகிறது.

இவற்றுக்கு மாறாக, 2021இல் மடோன் அஷ்வின் இயக்கி வெளியான ‘மண்டேலா’ என்ற திரைப்படத்தை நான் மிக மேலாக மதிக்கிறேன். அது ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலின் கதை. மரத்தடியில் வாழும் நாவிதன் ஒருவன். ஊராரின் ஏவலுக்கெல்லாம் ஆளாகிறவன். அவனுக்குப் பெயர்கூட இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தபாலாபீசில் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் போனபொழுது, பெயரில்லாமற் கணக்கில்லை என்றாகிறது. தபாலாபீஸ் உத்தியோகஸ்தையாகிய தேன்மொழி அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறாள். பெயர் வந்தது, பெயரைத் தொடர்ந்து ஓட்டும் வந்தது. ஊரில் இரு சாதிக் கட்சிகளும் சமபலமாக நிற்க, வெற்றி தோல்வி அந்த ஓர் ஓட்டைச் சார்ந்ததாகிறது. நேற்றுவரை அவனைப் பெயரிட்டழையாதவர்கள் இன்று அவன் வாசலிலே தவங்கிடக்கிறார்கள். வாசலே இல்லாதவனுக்குச் சலூனே வைத்துக்கொடுக்கிறார்கள்.

இதில் நகைச்சுவை ஏறி வரும் படிகளைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் நாமும் ஊராரோடு சேர்ந்து அந்த நாவிதனைப் பார்த்தே சிரிக்கிறோம். ஓட்டுச் சீட்டு கைக்கு வந்தவுடன், அவனைப் போற்றிப் புகழ்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். பின்னர், கிடைத்ததையெல்லாம் அனுபவிக்கத் தொடங்கும் அவனுடைய பேராசையைக் கண்டும் சிரிக்கிறோம். முடிவில், தன் ஓட்டைக் கொண்டு தனக்கன்றி ஊருக்கு வேண்டியவற்றைக் கேட்க அவன் கற்றுக்கொள்ளும்பொழுது, நம் முதற் சிரிப்பே நமக்கு வெட்கமாகிறது. அவ்வெட்கத்தை உண்டாக்கியதே அப்படத்தின் வெற்றி. குறையும் சொல்லவேண்டுமன்றோ? இரு பக்கமும் ஒரே கணக்காக நின்று ஓர் ஓட்டு எல்லாவற்றையும் தீர்மானிப்பது கதையில் நடக்கும். நாட்டில் நூற்றில் ஒரு முறைகூட நடவாது. ஆயிரத்தில் ஓர் ஓட்டாக இருப்பவனையும் வாசல் தேடி வந்து மதிக்கவேண்டும் என்பதற்கு அந்தக் கதை வழிகாட்டவில்லை. அதை எழுதவேண்டிய வேலை இன்னும் மீதியிருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ‘ஏழையென்றால் அவனைக் கண்டு சிரிக்கவே கூடாதா? காசுக்கு ஓட்டை விற்பவனையும், சாதி பார்த்து ஓட்டுப் போடுபவனையும் கண்டிப்பது சீர்திருத்தமல்லவா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். கண்டிக்கத்தான் வேண்டும், ஹோகார்த்தின் குடியானவனையும் மண்டேலாவின் பேராசையையும் கண்டு சிரித்தது நியாயமே. ஒருவன் அறிந்து செய்யும் செயலைக் கண்டு சிரிப்பது அவனை மனிதனாக மதிப்பதாகும். அவனுக்குக் கற்பிக்கப்படாத மொழியைக் கண்டும், அவன் உடுத்த கந்தலைக் கண்டும், அவள்மேற் சுமத்தப்பட்ட வழக்கத்தைக் கண்டும் சிரிப்பது அவர்களை மிதிப்பதாகும். இரண்டுக்குமுள்ள எல்லை நுட்பமானதன்று. எழுதுகிறவன் மனத்தில் நேர்மையிருந்தால் எளிதில் தெரியும்.

இன்று ஜூரோங் அடுக்குமாடிகளில் தேர்தல் வந்தால், அபேட்சகர்கள் மின்தூக்கியில் ஏறி மாடி மாடியாகக் கதவைத் தட்டுகிறார்கள். ஒரே வராந்தாவில் நான்கு மொழிகள் குடியிருக்கின்றன. குழப்பங்கள் குறையவில்லை, குறையவும் வேண்டா, அவற்றில் மனிதத்தன்மையும் இருக்கிறது. நம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்லத் துணிவது ஒன்றே: அக்காட்சியை எழுதும்பொழுது, பேனாவைக் கதவுக்கு வெளியே நிற்பவன் கையிற் கொடாமல், உள்ளே இருப்பவர் கையிற் கொடுத்துப் பாருங்கள்.

என் நாடகத்தை நான் கிழித்தெறியவில்லை; திருத்தினேன். சொற்களை அதிகம் மாற்றவில்லை. மூதாட்டி அதே ‘உண்டி’யைச் சொல்கிறாள், அதே மலையைக் காட்டுகிறாள். பக்கத்தில் மாத்திரம் ஒரு பேத்தியை உட்காரவைத்தேன். கிராணி ‘மலை ஈட்டி’ என்று எழுதும்பொழுது அவள் எட்டிப் பார்த்து, “தாத்தா பேர் வேலாயுதம். உங்களுக்குத் தமிழ் தெரியாதா, அங்கிள்?” என்று கேட்கிறாள். மறுமுறை மேடையேற்றியபொழுது சபை முன்னைப்போலவே சிரித்தது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்வரிசையில் அந்த வயோதிக மாதும் இருந்தார். அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.